கரைக்காரியின் இரண்டு பொட்டலங்கள்

அக்கா,

முதலில் என் கண்ணில் பட்டது அந்த முடிச்சுதான்.

இன்று காலை எங்கள் சந்து அம்மன் கோயிலில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பூக்கட்டிப் பார்த்தார்கள். வந்திருக்கும் மாப்பிள்ளையைப் பேசி முடிக்கலாமா வேண்டாமா என்று அம்மனிடம் கேட்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டு பொட்டலமும் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டும். இன்று ஒன்றில் மட்டும் நூல் ஒரு சுற்றுக் கூடுதலாக ஓடி, முடிச்சு இரட்டையாக விழுந்திருந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் நாள் முழுக்கச் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுகிறவள். நூல் இருக்கும் இடத்துக்குக் கண் தானாகப் போய்விடுகிறது.

குழந்தை கையை நீட்டியபோது, பெண்ணின் அம்மா, பொட்டலங்களைக் கட்டியவர் அவர்தான், இரட்டை முடிச்சுப் பொட்டலத்தை விரல் நுனியால் மெல்ல முன்னே தள்ளினார். குழந்தை அதைத்தான் எடுத்தது. வெள்ளை. எல்லோரும் குலவையிட்டார்கள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டேன்.

திருநீற்றைக் கையிலேயே மூடிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து, ஒரு வருடமாகத் திறக்காத ஃபைலைத் திறந்தேன். அதில் பார்த்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுக்கு நான் முதலில் வந்த நாளில் மழை விட்டிருந்தது. அம்மா செம்பூரில் உங்கள் வீட்டுச் சமையலுக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டிருந்தேன். வீட்டுக்கு ஆள் தேவைப்பட்டது என்று சொல்லிக்கொள்வோம். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டும் உண்மைதான். சயானில் பஸ் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டாள், "ஏட்டி, அங்க வந்து வாயத் தொறக்காத. காய நறுக்கிட்டுப் பேசாம இரி." வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சிரமமான வேலை இல்லை.

நீங்கள் கூடத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். பின்னலைத் தூக்கிக் கிளிப் போட்டிருந்தீர்கள். நான் முதலில் பார்த்தது உங்கள் முகத்தை அல்ல. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இருந்த உங்கள் முதுகைத்தான். அதற்குப் பிறகும் வெகுநாள் அந்த முதுகுதான் எனக்குப் பழக்கம். உங்கள் பின்னால் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவேன். திரையில் எழுத்துகள் ஓடும். உங்களுக்குப் பேசத் தெரிந்த தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி, அதைக் கம்ப்யூட்டரே தமிழாக மாற்றும்படி செய்திருந்தீர்கள். அது 'கடலோரம்' என்பதைக் 'கடலோ ரம்' என்று பிரித்துப் போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"உனக்குத் தமிழ் படிக்க வருமாடி?"

தலையை ஆட்டினேன். அன்றைக்கே என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டீர்கள். அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் 'ஏழு தீவு' எனக்குத் தெரிய வந்தது. படம் இல்லாத விளையாட்டு, எல்லாமே எழுத்து. ஃபோனில் உள்ளே போனால், நீ இந்தக் கரையில் நிற்கிறாய், வடக்கே உப்பளம், மேற்கே படகு என்று வரும். என்ன செய்ய வேண்டுமோ அதைத் தட்ட வேண்டும். இந்த ஊர் ஒரே தரையாக இல்லாமல் ஏழு துண்டாகக் கிடந்த காலத்தை நீங்கள் கட்டியிருந்தீர்கள். யார் யாரோ எங்கெங்கிருந்தோ வந்து அதில் மீன் பிடித்தார்கள், உப்பு விற்றார்கள், சண்டை போட்டார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். உண்மையான கடல் எப்போது ஏறுமோ அப்போது அங்கேயும் ஏறும்படி வைத்திருந்தீர்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். தாராவியில் இருக்கும் எனக்குக் கடலின் ஏற்ற இறக்க அட்டவணை தேவைப்படவில்லை. கழிமுகத்தின் வாடை சந்துக்குள் வந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, இப்போது அங்கே வழி திறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். என் மடியில் கிடக்கும் சட்டைகள் எல்லாம் ஈர மணல் போலத் தோன்றும்.

பிறகு நீங்கள் சாமியைக் கொண்டுவந்தீர்கள்.

ஆட்கள் கேட்கிறார்கள், கோயில் வேண்டுமாம் என்றீர்கள். ஒரே நாளில் செய்தும் விட்டீர்கள். கோயிலுக்குள் போய்ப் பத்துக் காசு போட்டால் காயம் ஆறும். இருபது போட்டால் கைக்குப் பலம் கூடும். ஐம்பதுக்கு ஒருநாள் முழுக்க அடி படாது. எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டீர்கள். நான் பீன்ஸை நறுக்கிக்கொண்டே இருந்தேன். நீங்கள் விடவில்லை.

"ரீசார்ஜ் மாதிரி இருக்குக்கா," என்றேன்.

நீங்கள் சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. மூச்சு வாங்கி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தீர்கள். மாமி, உங்கள் அம்மா, உள்ளேயிருந்து ஓடிவந்தார். உங்கள் நெஞ்சுக்குள் ஒரு வால்வு சின்ன வயதிலேயே கெட்டுப்போனது என்பது அன்று எனக்குத் தெரியாது. சிரிப்பால்தான் மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

அப்படியானால் எங்கள் சாமி எப்படி என்று கேட்டீர்கள். யாரும் அதுவரை என்னிடம் எதையும் எப்படி என்று கேட்டதில்லை. நான் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எங்கள் சாமிக்கு முதலில் எதுவும் கொடுக்க மாட்டோம். இது நடந்தால் இன்னது செய்கிறேன் என்று நேர்ந்துகொள்வோம். நடந்த பிறகு செய்வோம். செய்ய மறந்தால் சாமி உடனே அடிக்காது. கனவில் வந்து நிற்கும். பேசாது. சும்மா நிற்கும்.

"சும்மாவா?"

"ஆமாக்கா. கதவோரமா."

மறுநாள் வந்தபோது அது விளையாட்டில் இருந்தது. நேர்ந்துகொண்டதைச் செய்யாத ஆள் அடுத்தமுறை உள்ளே வரும்போது ஒரு கனவோடுதான் கண் விழிப்பான். கனவுகளை நான் எழுதினேன். நாற்பது எழுதினேன். ஈரச் சேலை ஒன்று கொடியில் அசைகிறது, காற்று இல்லை. உன் படகில் உனக்கு முன்பே யாரோ உட்கார்ந்திருந்த சூடு. உன் அம்மா குரலில் உன்னைக் கூப்பிட்டவளுக்குக் கால் தரையில் படவில்லை. இதற்காகவே நேர்ச்சையை மறப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னபோது, எனக்குப் பஸ்ஸில் அம்மா பக்கத்தில் உட்கார முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

சாமிக்குப் பெயரும் உருவமும் என்னையே வைக்கச் சொன்னீர்கள். கரைக்காரி என்று வைத்தேன். அவள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கும்பிட வருகிறவர்களுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரியும். முகத்தை யாரும் பார்த்ததில்லை. சாமி இப்படி முதுகைக் காட்டலாமா என்று கேட்டீர்கள். முகத்தைப் பார்த்தால் கேட்க வந்தது மறந்துபோகும் என்றேன். அந்த முதுகு யாருடையது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பூப்பொட்டலம்தான் கடைசியாக வந்தது. கரைக்காரியிடம் எதையும் கேட்கலாம். அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு பொட்டலம் கிடக்கும். ஒன்றை எடுக்க வேண்டும். இதில் நமக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. பிடிக்காத பதில் வந்தால் மறுபடி கேட்கட்டுமே என்றீர்கள் நீங்கள். அது மட்டும் ஆகாது என்றேன். அம்மா அடுக்களையிலிருந்தே எனக்காகப் பேசினாள்: "சாமிய ரெண்டு தடவ சோதிக்கப்பிடாதும்மா." ஒருமுறை கேட்டவருக்கு நாற்பத்தெட்டு நாள் கோயில் கதவு திறக்காது என்று வைத்தோம். ஆட்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தீர்கள். யாரும் போகவில்லை. எதைக் கேட்பது என்று வாரக்கணக்கில் யோசித்தார்கள். தீவுகளைப் பற்றி மட்டும் கேட்கவும் இல்லை. வேலையை விடலாமா, அவனுக்குப் பதில் போடலாமா, அப்பாவிடம் சொல்லலாமா என்றெல்லாம் கேட்டார்கள்.

"நான் எழுதினது வெறும் நாணயம் சுண்டறதுதானேடி," என்றீர்கள். "பூவா தலையா. அதுல என்ன சாமி இருக்கு?"

வெள்ளை வந்தால் அவள் என்ன சொல்வாள் என்பதை மட்டும் எழுதித் தந்தேன். எங்கள் சந்துப் பேச்சிலேயே இருக்கட்டும், மாற்றாதே என்றீர்கள். 'வெள்ளப் பூ வந்துருக்கு. போயிட்டு வா.'

போன வருடம் மழைக்கு முன்னால் மாமி அடுக்களைக்கு வந்து, அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதார். வால்வை மாற்றியாக வேண்டும், அடுத்த மழைவரை இது தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவி முடித்த பிறகும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் நீங்கள் எப்போதும்போல உட்கார்ந்திருந்தீர்கள்.

"நெஞ்சைத் திறக்கணுமாம்டி. திறந்து, நிறுத்தி, அப்புறம் ஓட விடுவாளாம். ஃபேன் மாதிரி." கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னீர்கள், "எல்லாரும் சொல்றா. எனக்கு யார் சொல்றதும் காதுல ஏறலே. நாளைக்குச் சாயங்காலம் கரைக்காரியைக் கேட்டுடறேன். அவ சொல்றபடி."

விளையாட்டாகச் சொல்கிறீர்களா என்று முதுகைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

அன்று அந்தி விளக்கு வைக்கும் நேரத்தில், எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஃபைலைத் திறக்கும் பாஸ்வேர்டு, கனவுகளைப் போடுவதற்காக என் பெயரில் நீங்களே கொடுத்தது. கோட் எனக்கு எழுத வராது. ஆனால் எந்த வரி பூவைச் சொல்கிறது என்று தெரியும். சிவப்பு என்று இருந்த இடத்தில் வெள்ளை என்று போட்டேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. கேட்கிறவர் எல்லோருக்கும் வெள்ளைதான் வரும் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. உங்களை மட்டும்தான் யோசித்தேன். சாமி காரியத்தில் கை வைத்துவிட்டேன் என்று திருநீறு பூசிக்கொண்டேன்.

மறுநாள் சட்டைப் பட்டறையில் நாலு மணிக்கு டீக்கு விட்ட நேரத்தில் ஃபோனைப் பார்த்தேன். யாரோ ஒரு பெண் கரைக்காரியிடம் வாடகை வீடு மாறலாமா என்று கேட்டிருந்தார். சிவப்பு வந்திருந்தது. நான் மாற்றியது பதிவாகவில்லை, பொட்டலங்கள் பழையபடியே இருக்கின்றன என்று நினைத்தேன். மறுபடி ஃபைலைத் திறக்கப் பயமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு கட்டுச் சட்டை முடிய இரண்டு மணி நேரம். ஒரு சட்டையின் காலரையே வெட்டிவிட்டேன். பட்டறைக்காரர் திட்டியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கழிமுகத்தின் வாடை வந்தது. தண்ணீர் இறங்குகிறது, நீங்கள் மணலில் நடந்து கரைக்காரியின் தீவுக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே நூல் வெட்டினேன்.

ஆறு மணிக்கு நீங்கள் கேட்டீர்கள். 'ஆபரேஷன் பண்ணிக்கட்டுமா?' வெள்ளை வந்தது.

நான் ஓட்டமாக ஓடி அம்மன் கோயிலில் விளக்குப் போட்டேன். நான் மாற்றியதால் அல்ல, கரைக்காரியே கொடுத்த வெள்ளை என்று நம்பினேன். அந்த ஒரு வாரமும் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைத் தேடினீர்கள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "போயிட்டு வாங்கக்கா," என்றேன். "உன் சாமி சொன்னதையே நீயும் சொல்றியா," என்று சிரித்தீர்கள். பிறகு என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தீர்கள். எனக்கு அது கூச்சமாக இருந்தது.

"நல்லவடி அவ. கொஞ்சம் அவசரக்காரி," என்றீர்கள். "கோயிலைப் பாத்துக்கோ."

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது என்றார்கள். நீங்கள் கண் விழித்து மாமியிடம் தண்ணீர் கேட்டதாகவும் சொன்னார்கள். மூன்றாம் நாள் அம்மா வேலைக்குப் போய், போன பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள்.

நான் கோயிலைப் பார்த்துக்கொள்ளவில்லை, அக்கா. கதவை மூடினேன். கனவுகளை எங்கே போடுவேனோ அங்கேயே போய், யார் வந்தாலும் திறக்கக் கூடாது என்று வைத்துவிட்டு வந்துவிட்டேன். கரைக்காரி சொன்னாள், நீங்கள் போனீர்கள், அவள் உங்களைத் திருப்பி அனுப்பவில்லை. எங்கள் சந்து அம்மனையும் ஒரு வருடமாகக் கும்பிடவில்லை. கூட்டத்தில் நிற்பேன், கையைக் கூப்ப மாட்டேன். விளையாட்டு ஓடும் சர்வருக்கு உங்கள் அப்பா இன்னும் பணம் கட்டுகிறார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. ரசீதில் உங்கள் பெயர் வருகிறது, அதனால் நிறுத்த மனம் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாராம்.

இன்று ஃபைலைத் திறந்தேன். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று அது எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். அந்த அந்தி நேரம், என் பெயர், சிவப்பு வெள்ளையானது. என் மாற்றம் பதிவாகித்தான் இருந்திருக்கிறது. அதற்குக் கீழே மறுநாள் மதியம், உங்கள் பெயர்.

நீங்கள் என் வரியை அழிக்கவில்லை. அதற்கு மேலே ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். நான்கு முறை படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கேட்கிறவர் இவராக இருந்தால் மட்டும் இரண்டும் வெள்ளை. மற்ற எல்லோருக்கும் பழையபடி. 'இவர்' என்ற இடத்தில் தீவில் நீங்கள் வைத்துக்கொண்டிருந்த பெயர்.

வாடகை வீட்டுக்காரப் பெண்ணுக்கு உண்மையான பூ கிடைக்கட்டும் என்று பார்த்திருக்கிறீர்கள். என் பொய்யை உங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்துக்கொண்டீர்கள். பிறகு சாயங்காலம் வரை காத்திருந்து, தண்ணீர் வற்றிய மணலில் நடந்து போய், இரண்டிலும் என்ன இருக்கிறது என்று தெரிந்தே குனிந்து ஒன்றை எடுத்திருக்கிறீர்கள். யார் சொன்னதும் காதில் ஏறவில்லை என்றீர்களே அக்கா.

அம்மா வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நூல் தூசி என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் தட்டை என் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மூடிய கதவுக்கு வெளியே இந்த ஒரு வருடமாக ஆட்கள் எழுதிவிட்டுப் போனவை எல்லாம் அப்படியே கிடந்தன. அவற்றைப் படித்தேன். நேர்ச்சையைச் செலுத்த வந்தவர்கள், யாருடைய படகோ காணவில்லை என்றவர்கள். ஒருவர் மாதம் ஒருமுறை வந்து ஒரே வரியை எழுதியிருந்தார்: 'கதவு திறந்தா சொல்லுங்க. அவசரம் இல்ல.'

நாற்பத்தெட்டு நாள் எப்போதோ கழிந்துவிட்டது. நீங்களும் மறுபடி கேட்கலாம்.

உங்கள் வரியையும் என் வரியையும் அப்படியே விட்டுவிட்டு, கதவைத் திறந்தேன்.